வேலை கொடுத்தாரும் யாமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணாக்கர் ஒருவர் கணினி நிரல் எழுதிக் கூலி பெறுகின்றார் என்று கேட்போர் முதலில் நகைப்பர், பின்னர், "எவ்வளவு கிடைக்கும்?" என்று வினவுவர். எம்மை அங்ஙனம் வினவாத நண்பர் விடுதியில் ஒருவரும் இலர். கிடைத்தது எவ்வளவு என்பதினும் கிடையாமற் போனது எவ்வளவு என்பதே சொல்லத்தக்க கதையாதலின், அதனையே இங்கு எழுதப் புகுந்தோம். எம்மை ஏமாற்றினாரைப் பற்றி மட்டும் எழுதுவதாயின் இஃது எளிய காரியமாயிருந்திருக்கும். யாம் ஒருவருக்குச் செய்த பிழையும் இதனுள் வருகின்றமையால், எழுதுகோல் சிறிது தயங்குகின்றது.

2020-ஆம் ஆண்டில், பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்து எமக்கு வயது பதினான்கு. பொறியியற் கல்லூரியினின்றும் வீடு திரும்பியிருந்த எம் தமையனார், பொழுது போகாமையாலோ எம்மீதுள்ள அன்பினாலோ, தம் பழைய மடிக்கணினியை எம்மிடம் தந்து, பைத்தான் என்னும் நிரல்மொழியின் முதற்பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார். அக்காலத்தில் எங்கள் ஊர்ச் சபையார் தம் மாதப் பத்திரிகையின் பழைய இதழ்களைக் கைப்பேசியிற் படிக்கத்தக்கவாறு வெளியிட விரும்பினர். இதழ்கள் யாவும் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே தோன்றும். காரணம் யாதெனில், அத்தகைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். 'எம்' என்னும் விசையை அழுத்தினால் திரையில் 'அ' தோன்றும். கணினியின் நினைவிலோ இருப்பது 'எம்' மட்டுமே. யூனிகோடு முறையில் தமிழெழுத்துக்கே தனி எண் உண்டு. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அம்முறையைத் தரமாக ஏற்றது. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் தட்டச்சான நூல்கள் எத்தனையோ அச்சகங்களின் பழைய தட்டுக்களில் இன்றும் உறங்கிக் கிடக்கின்றன.

ஓரெழுத்துக்கு ஓரெழுத்தாய் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் எண்ணற்க. 'கொண்டல்' என்னும் சொல்லின் முதலெழுத்து, பழைய முறையில் கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படியே முதலிற் கொம்பு, அடுத்துக் ககரம், அடுத்துக் கால் என மூன்று துண்டாய் நிற்கும். யூனிகோடிலோ ககரம் முன் நின்று, ஒகரக்குறி ஒன்றாய்ப் பின் வருதல் வேண்டும். இத்தகைய விதிகளை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்து யாம் ஆக்கிய கருவி, சபைப் பத்திரிகையை இரண்டு நாளில் மாற்றித் தந்தது. கூலி ஒன்றும் பெற்றிலோம். ஒரு கிறிஸ்துமஸ் கேக் பெற்றோம்.

கல்லூரிக்கு வந்த முதலாண்டிலேயே இக்கருவி எமக்குத் தொழிலாயிற்று. தென்மாவட்ட நகரொன்றிற் பதிப்பகம் நடத்துவார் ஒருவர், யார் வாயிலாகவோ கேள்வியுற்று, வாட்ஸப்பில் எமக்கு எழுதினார். தம்மிடம் நாற்பது நூல்கள் பழைய எழுத்துருவில் உள்ளன என்றும், அவற்றை மாற்றி இணையதளத்தில் விற்க எண்ணுவதாகவும், 12,000 ரூபாய் தருவதாகவும் கூறினார். "முன்பணம், ஒப்பந்தம் என்றெல்லாம் நமக்குள் எதற்குத் தம்பி? உங்கள் அண்ணனாக இருந்தால் கேட்பீர்களா?" என்றார். எம் அண்ணனிடம் யாம் நாளும் பணங்கேட்பவராயினும், அச்சொல்லுக்கு மறுமொழி கூற நாணினோம். அவ்வாரந்தான் திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதலைப் பற்றி உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஐந்து பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம்.

வேலை தொடங்கிய பின்னர் அது வளரலாயிற்று. முதலில் எழுத்து மாற்றம் மட்டும். பிறகு பக்க எண்களை நீக்குதல். பிறகு பொருளடக்கம் அமைத்தல். பிறகு, "இதெல்லாம் ஒரு மணி நேர வேலைதானே தம்பி" என்று நூல்களைத் தேடுதற்கு ஒரு பக்கமும், வாங்குவோர் பெயர்களைப் பதிதற்கு ஒரு பக்கமும். ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு மணி நேர வேலையே. ஆயின் அத்தகைய மணி நேரங்கள் இரண்டு மாதத்தை விழுங்கின. இறுதியில், தம் அலுவலகத்துப் பையன் ஒருவன் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று கூறி, மூலநிரல் முழுவதையும் கேட்டார். அனுப்பினோம். அன்று அவர் எம்மைப் புகழ்ந்து அனுப்பிய குரற்பதிவு நான்கு நிமிடம் ஓடிற்று.

அதன்பின் செவ்வாய்க்கிழமை வந்தது. பின்னும் செவ்வாய்க்கிழமைகள் வந்தன. ஒருநாள், 12,000 ரூபாய் அனுப்பியாயிற்று என்னும் பச்சை நிறக் குறியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. எம் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. வங்கியிற் சிக்கல் என்றார். அசையும் சீரும் எண்ணிப் பழகிய கண்ணாதலின், யாம் அப்படத்திலிருந்த எண்ணை எண்ணினோம். யூபிஐ வழியாய்ச் செல்லும் ஒவ்வொரு தொகைக்கும் 12 இலக்கங்கொண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அப்படத்தில் 11 இலக்கமே இருந்தன. தளை தட்டுகின்றது என்று எழுதி அனுப்பினோம். அவர் எம்மைத் தம் பட்டியலினின்றும் தடைசெய்துவிட்டார்.

அன்றிரவு நிகழ்ந்ததை மறையாது எழுதுகின்றோம். அவருடைய இணையதளம் இயங்கும் சர்வரின் திறவுகோல் எம்மிடம் இருந்தது. அதனை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. நாற்பது நூல்களையும் அழித்துவிடலாம். அது முரட்டுத்தனம் என்று எண்ணி, அதனினும் நுண்ணியதொன்றை எம் மனம் புனையலாயிற்று: ஆயிரஞ் சொற்களுக்கு ஒரு சொல்லில் ரகரத்தை றகரமாகவும், னகரத்தை ணகரமாகவும் மாற்றிவிடுதல். எவரும் உடனே காணார். விற்ற நூல்களைப் படித்தோர் எழுதும் கடிதங்களால் அப்பதிப்பாளர் சிறிது சிறிதாக மானமிழப்பார். தமிழ் மாணாக்கர்க்கு ஏற்ற பழி இதுவே என்று மகிழ்ந்து, அதற்குரிய நிரலைப் பதினான்கு வரியில் எழுதியும் விட்டோம்.

தமையனாருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். அவர் சினந்திலர், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் 66-ஆம் பிரிவுகளைப் படித்துப் பார்க்கச் சொன்னார். உரியவரின் இசைவின்றி அவர்தம் கணினியிற் புகுந்து தகவலைக் கெடுப்பார்க்கு மூன்றாண்டு வரை சிறையும், ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அவற்றுட் காண்கின்றன. கடன்பட்டவர் அவர், குற்றவாளியாவார் யாம். அதனினும் எம்மைத் தடுத்தது வேறொன்று. அந்நாற்பது நூல்களுள் ஒன்று, பெயர் தெரியாத ஓர் ஆசிரியை தம் ஊர்த் தாலாட்டுக்களைத் திரட்டியது. மாற்றும்போதே அதனை முழுதும் படித்திருந்தோம். அவ்வம்மையார் எமக்கு என்ன கடன்பட்டார்? பதினான்கு வரியையும் அழித்தோம், திறவுகோலையும் அழித்தோம், அழித்தமையை அப்பதிப்பாளருக்கு மின்னஞ்சலில் அறிவித்தோம். மறுமொழி இல்லை.

சட்டத்தைப் படிக்கப் புகுந்தமையால் ஒரு வியப்பும் எமக்குக் கிடைத்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையிலே சேர்த்திருக்கின்றது. சம்பளத்திற்கு அமர்ந்தவர் தம் வேலையின்பாற்பட எழுதியது, வேறு உடன்பாடு இல்லையாயின், முதலாளிக்கு உரியது. எம்மைப்போலத் தனித்து நின்று எழுதிக்கொடுப்பார் இயற்றியதோ, கையொப்பமிட்ட ஆவணத்தால் மாற்றித் தந்தாலன்றி, எழுதியவர்க்கே உரியது. ஆகவே பாட்டும் உரையும் பயிலும் வகுப்பில் யாம் இதுவரை இயற்றிய இலக்கியம், சட்டத்தின் கண்ணில், கொம்பையும் காலையும் இடம் மாற்றும் நிரல் ஒன்றே. இதனைப் பேராசிரியரிடம் கூறியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரேயன்றி ஒன்றுங் கூறவில்லை. உரிமை எமதே என்று தெளிந்தும் பயன் சிறிது. 12,000 ரூபாயின் பொருட்டு வழக்கறிஞரை நாடிச் செல்வார் யார்?

இரண்டாமாண்டில் வேலை கேட்டு வந்தோர் பலர். ஒருவர், பிழையாய் மிகுதி அனுப்பிவிட்டதாகக் கூறி, வாராத பணத்தில் மீதியைத் திருப்பித் தரச் சொன்னார். இன்னொருவர், பணம் பெறுதற்காக எமது யூபிஐ இரகசிய எண்ணை அழுத்தச் சொன்னார்; அவ்வெண் பணங் கொடுத்தற்கே வேண்டப்படுவது, பெறுதற்கு வேண்டாதது என்பதை எங்கள் விடுதிச் சமையற்காரரும் அறிவார். வேறொருவர், வேலைக்கு முன் தேர்வு என்று சொல்லி ஒரு நிரற்றொகுதியை அனுப்பி, அதனை எம் கணினியில் இயக்கிப் பார்க்கும்படி வற்புறுத்தினார். அதனுட் கடவுச்சொற்களைத் திருடும் நிரல் பொதிந்திருத்தல் கூடும். நிரலாளரை இவ்வாறு பொய்த் தேர்வினால் வலைப்படுத்தும் கூட்டங்களைப் பற்றி 2023 முதல் பாதுகாப்பு ஆய்வாளர் எச்சரித்து வருகின்றனர். இவர்களைப் பற்றி மேலும் எழுதுதல் தாளுக்குக் கேடு.

ஒருவரைப் பற்றி மட்டும் விரித்தல் வேண்டும். அவர் எம்மை ஏமாற்ற எண்ணியவரல்லர். நன்கு பேசினார். முன்பணமாக 20,000 ரூபாயை, யாம் கேளாமுன்னரே, தர முன்வந்தார். வேண்டியது, சிறுகடன் வழங்கும் கைப்பேசிச் செயலி ஒன்று. விவரங்களைக் கேட்டபோது, கடன் கேட்பாரின் கைப்பேசியிலுள்ள பெயர்ப்பட்டியலையும் படங்களையும் செயலி எடுத்துத் தம் சர்வருக்கு அனுப்பவேண்டும் என்றார். எதற்கு என்றோம். "வசூல் எளிதாகும்" என்றார். அச்சொல்லின் பொருள் எமக்கு நன்கு தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் 5,000 ரூபாய் கடன் பெற்று ஒரு தவணை தவறியபோது, அவருடைய மாமனார்க்கும் பணியிடத்து மேலாளர்க்கும் சபை மூப்பர்க்கும் அவரைத் திருடர் என்று கூறும் செய்திகள் சென்றன. மூன்று மாதம் அவர் வீட்டை விட்டு வெளிவரவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், கடன் செயலிகள் கைப்பேசியின் பெயர்ப்பட்டியலையும் கோப்புக்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது என்று கூறியிருந்தன. அதனை எடுத்துக் காட்டினோம். "அது வங்கிகளுக்கு, நம்மை யார் கேட்பார்?" என்றார் அவர்.

அம்மாதம் எமது விடுதிக் கட்டணம் பாக்கியிருந்தது. 20,000 ரூபாய் என்னும் தொகை ஓர் இரவு முழுதும் எம் தலைமாட்டில் நின்றது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். காலையில் மறுத்தெழுதினோம். கூலி தாராதாரைப் பற்றியே நண்பர் யாவரும் எச்சரிக்கின்றனர். கேட்குமுன் கூலி தருவாரைப் பற்றி எவரும் எச்சரிக்கவில்லை.

இவ்வனுபவங்களால் யாம் அறிவு பெற்றோம் என்று எழுத விருப்பமே. பெற்றது அறிவன்று, ஐயம். ஒருவர் "தம்பி" என்று விளித்தாலே உள்ளம் சுருங்கும். பணம் அனுப்பினேன் என்பாரின் படத்தை முதலில் நம்பாது, பின் எண்ணி, பின்னும் நம்போம். அனுப்பும் மாதிரிப் பக்கங்களின் மேற் குறுக்காக, "பணம் செலுத்தப்படவில்லை" என்று பெரிய எழுத்தில் ஓட விடுவோம். இவற்றை எல்லாம் தொழில் முறை என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். அக்காலத்தேதான் அவர் எழுதினார்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற முதியவர் அவர். முப்பது ஆண்டுகளாக மீனவர் வழங்கும் சொற்களைத் திரட்டியிருந்தார். மீன், வலை, தோணி, காற்று, நீரோட்டம் முதலியவற்றின் பெயர்கள் நாலாயிரத்துக்கு மேல். அவர்தம் மகளார் அவற்றைப் பாமினி எழுத்துருவிற் பல்லாண்டுகள் தட்டச்சுச் செய்து, பின் மணமுடித்து அயலூர் சென்றுவிட்டார். யூனிகோடில் மாற்றித் தந்தால் பேரப்பிள்ளைகள் கைப்பேசியிலே தேடிப் பார்ப்பார்கள் என்பது முதியவரின் விருப்பம். 6,000 ரூபாய் கேட்டோம். முழுவதையும் முன்னதாகவே கேட்டோம். அவர் மறுக்கவில்லை. காசோலையாகத் தருவதாகவும், கைப்பேசியிற் பணம் அனுப்பத் தமக்குத் தெரியாது என்றும் எழுதினார்.

மாதிரிப் பக்கங்களை எமது வழக்கப்படி குறுக்கெழுத்தோடு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை மாலையில், காசோலையை வங்கியிற் போட்டாயிற்று என்று கூறி, செலுத்துச் சீட்டின் படத்தை அவர் அனுப்பினார். படம் தெளிவின்றி, பாதி நிழலாய் இருந்தது. மறுநாள் இரண்டாஞ் சனி, அடுத்து ஞாயிறு, திங்களும் ஏதோ விடுமுறை. காசோலை அந்நாட்களில் நகராது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். எமக்குந் தெரியும். ஆயினும் திங்களன்று மாலை யாம் அவருக்கு எழுதியது இது: "இத்தகைய படங்கள் பலவற்றைக் கண்டுள்ளோம். பணம் கணக்கில் ஏறிய பின் பேசலாம்." 'ஐயா' என்னும் சொல்லையும் அதிற் சேர்த்திலோம்.

புதன்கிழமை முற்பகல் வகுப்பிலிருந்தபோது, விடுதிக் காவலர் வந்து, எம்மைத் தேடி ஒரு பெரியவர் வந்திருப்பதாகக் கூறினார். வராந்தாவின் பலகையில் அவர் அமர்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். எழுந்து நின்றவர் அவர் என்பதை இன்னும் எம்மால் மறக்க இயலவில்லை. பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்தார். பள்ளிப்பிள்ளையின் பாடநூல்போல அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மேலே தம் பெயரை எழுதியிருந்தார். உள்ளே, முந்தின நாள் தேதியில் 6,000 ரூபாய் கழிக்கப்பட்டிருந்த வரியின்கீழ்ப் பென்சிலாற் கோடிட்டிருந்தார்.

"காலையில் வங்கி திறந்ததும் அச்சிட்டு வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன் தம்பி. பணம் தாராதவன் என்று ஒருவர் நினைத்திருக்கும்போது வீட்டில் இருக்க முடியவில்லை" என்றார்.

கைப்பேசியை எடுத்துப் பார்த்தோம். பணம் வரவு வைக்கப்பட்ட செய்தி காலையிலேயே வந்திருந்தது, வகுப்பிலிருந்தமையாற் கண்டிலோம். "மன்னிக்கவேண்டும் ஐயா" என்று தொடங்கினோம், தொடர முடியவில்லை. அவர் அதனைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், "வேலை முடிந்ததா? பார்க்கலாமா?" என்றார். கணினியைக் கொணர்ந்து, குறுக்கெழுத்தை நீக்கிய முழுத்தொகுப்பையும் திறந்து வைத்தோம். மீன்பெயர்ப் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன சொல், தம்பி?"

'கெளிறு' என்று இருத்தற்குரிய இடத்தில், 'கௌ' என்று தொடங்கி, அதன்பின் இகரக்குறி ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாய் நின்றது. பார்த்த கணத்திலேயே காரணம் விளங்கிற்று. ஔகாரக் குறியில் முன்னொரு கொம்பும், பின்னே ளகரம் போன்றதொரு வடிவமும் உண்டு. பழைய எழுத்துருவில் அப்பின்வடிவமும் ளகரமும் ஒன்றே. கொம்பு, ஒரு மெய், ளகர வடிவம் என்று அடுத்தடுத்து வந்தால் ஔகாரம் என்று கொள்ளுமாறு யாம் விதி எழுதியிருந்தோம். 'வௌவால்' என்னும் மீன் அதனாற் சரியாகப் பிழைத்தது, 'கெளிறு' மாண்டது. ளகரத்தின் பின் இகரக்குறியோ காலோ புள்ளியோ வருமாயின் அது ளகரமே என்று அறிதற்குரிய ஒரு வரியை எழுதத் தவறினோம். இருவகைக்கும் இடந்தந்து ளகரம் தனித்து நிற்கும் இடங்களில் அகராதியைத்தான் நாடவேண்டும். அதனையும் யாம் செய்திலோம். 'வெள்ளம்', 'தெளிவு' என்னும் சொற்களும் இவ்வாறே சிதைந்து கிடந்தன.

"மாதிரியில் இது இருந்ததே ஐயா, அன்றே சொல்லியிருக்கலாமே" என்றோம், எம் குற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் தேடுவார்போல.

"மாதிரியின்மேல் ஏதோ பெரிய எழுத்து ஓடியிருந்தது. வயதான கண், ஒன்றும் புலப்படவில்லை" என்றார்.

அங்கேயே அமர்ந்து விதியைத் திருத்தி மீண்டும் ஓட்டினோம். முன்பு பிழைபட்டிருந்தவை 31 சொற்கள். அவர் ஒவ்வொன்றையும் படித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். மெஸ்ஸில் தேநீர் வாங்கி வந்து கொடுத்தோம். புறப்படுமுன், "ரசீது ஒன்று எழுதிக் கொடு தம்பி, கணக்கில் வைக்க வேண்டும்" என்றார். எம்மிடம் ரசீது என்பதே இல்லை; இத்தனை எச்சரிக்கையோடு தொழில் நடத்திய யாம் ஒருவருக்கும் அதுவரை ரசீது தந்ததில்லை. நோட்டுத் தாளைக் கிழித்தோம். அவரே வாசகம் சொன்னார்: இன்ன வேலை, இன்ன தொகை பெற்றது, இன்ன நாளுக்குள் இன்னது தருவது, பிழை காணின் இன்ன நாள்வரை கூலியின்றித் திருத்துவது. இருவரும் கையொப்பமிட்டோம். படி ஒன்று எமக்கும் எழுதச் சொன்னார். தலைமையாசிரியராயிருந்து பழகியவர், ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அத்தாள் இப்போது எமது மேசைக் கண்ணாடியின்கீழ் இருக்கின்றது. அதனைப் பார்த்தே இன்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுதுகின்றோம். முதலிற் பாதித்தொகை பெறுகின்றோம். வேலை கூடினால் தொகையும் நாளும் கூடும் என்பதற்கு ஒரு வரி உண்டு. மூலநிரல் இறுதித் தொகைக்குப் பின் என்பதற்கு ஒரு வரி உண்டு. மாதிரியின்மேல் குறுக்கெழுத்து இல்லை. பத்துப் பக்கத்தைத் தெளிவாகவே தருகின்றோம், படித்துப் பிழை சொல்லட்டும் என்று. அப்பக்கத்தில் கையொப்பமிட மறுத்தார் இதுவரை மூவர்; மறுத்தாரை யாம் திருடர் என்று எண்ணுவதில்லை; வேலையை மட்டும் ஏற்பதில்லை. முகத்தைப் பார்த்தும் குரலைக் கேட்டும் இவர் தருவாரோ தாராரோ என்று கணிக்கும் தொல்லை எம்மை விட்டு ஒருவாறு நீங்கிற்று. அக்கணிப்பில் யாம் வல்லவரல்லர் என்பது இரண்டு முறை, இரண்டு பக்கமும், மெய்ப்பட்டிருந்ததன்றோ?

எஞ்சியது ஒரு செய்தி. முதியவர் சென்ற அன்றிரவே எமக்கு ஒன்று நினைவிற்கு வந்தது. அதே பிழை, அதே விதியோடு, அப்பதிப்பாளரின் நாற்பது நூல்களிலும் இருத்தல் வேண்டும். இணையதளத்தைத் திறந்து பார்த்தோம். தாலாட்டுத் தொகுதியின் இரண்டாம் பக்கத்திலேயே, 'வெள்ளி' என்னும் சொல் புள்ளிவட்டத்தோடு உடைந்து நின்றது. ஓராண்டுக்கு முன் யாம் பதினான்கு வரியிற் செய்ய நினைத்ததை, அறியாமையால், முன்னரே செய்து முடித்திருந்தோம்.

தமையனார், "அவன் பணம் தரவில்லை, விட்டுவிடு" என்றார். இரண்டு நாள் விட்டிருந்தோம். மூன்றாம் நாள், திருத்தற்குரிய வரிகளைத் தெளிவாக எழுதி, எந்நூலில் எப்பக்கத்திற் பிழையுள்ளது என்னும் பட்டியலும் சேர்த்து, அஞ்சலில் அவருக்கு அனுப்பினோம். கடிதத்தின் கடைசி வரியில், 12,000 ரூபாய் இன்னும் வரவேண்டியிருக்கின்றது என்பதையும் குறித்தோம்.

தாலாட்டு நூலில் 'வெள்ளி' இப்போது சரியாயிருக்கின்றது. பணம் வரவில்லை. அவர் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு மட்டும் பத்தாம் நாள் எம்மிடம் வந்து சேர்ந்தது.